மனிதர் எப்படித் தெய்வமாகிறார்? முன்மொழிபவர் யார், ஒப்புபவர் யார், விளக்கேற்றுபவர் யார்?

2024 அக்டோபரில் வாரணாசியின் சில கோயில்களில் இருந்த ஷீரடி சாயி பாபா சிலைகளை ஓர் இந்து அமைப்பினர் அகற்றினார்கள். இறந்துபோன ஒரு மனிதருக்குக் கோயிலுக்குள் பூசை கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பத்து ஆண்டுகளுக்கு முன், 2014இல், துவாரகா பீடத்தின் சங்கராச்சாரியாராக இருந்த சுவரூபானந்த சரசுவதியும் இதைத்தான் சொன்னார். சத்தீஸ்கரில் கூடிய தர்ம சபை ஒன்று தீர்மானமே போட்டது. ஷீரடிக்குப் போகும் கூட்டம் அதற்காக நின்றுவிடவில்லை.

இந்தச் சண்டையைப் பார்க்கும் பலருக்கும், மனிதரைத் தெய்வமாக்குவது ஏதோ அண்மைக் காலத்துக் கோளாறு என்ற எண்ணம் இருக்கிறது. உண்மையில் இந்த வழக்கத்துக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. அந்தச் சான்றுகளை வரிசையாக வைத்துப் படித்தால், இது கூட்டத்தின் மனமயக்கமாக மட்டும் தெரியாது. ஒருவர் முன்மொழிகிறார். ஒருவர் சாட்சி சொல்கிறார். ஓர் அதிகாரம் ஒப்புகிறது. பிறகு யாரோ ஒருவர் செலவை ஏற்றுப் பூசையை நடத்துகிறார். ‘அந்தக் காலத்து மக்கள் இதை உண்மையிலேயே நம்பினார்களா?’ என்று கேட்பதைவிட, இந்த நான்கு பேரும் யார் என்று கேட்டால் அதிகம் விளங்கும்.

முதலில், எது எது என்று பிரித்துக்கொள்வோம்

வெளிப்பார்வைக்கு எல்லாமே மாலை, விளக்கு, கும்பிடுதல்தான். ஆனால் குறைந்தது ஐந்து வேறு வேறு வழக்கங்கள் இதில் கலந்து கிடக்கின்றன.

1. அவதாரம். தெய்வம் மனித உருவில் இறங்கி வருகிறது. இங்கே மனிதர் எதுவும் ஆவதில்லை. ஏற்கெனவே தெய்வமாக இருந்தவர் சில காலம் மனிதராகத் தோன்றுகிறார்.

2. முன்னோர் வழிபாடு. இறந்த தாத்தா பாட்டிக்குப் படையல் வைப்பது. இது அந்தக் குடும்பத்தோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டார் வந்து வரம் கேட்கமாட்டார்கள்.

3. புனிதர் பட்டம். கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கில் புனிதர் கடவுள் அல்லர். கடவுளிடம் நமக்காகப் பரிந்து பேசுபவர். 1752இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை 2012இல் அருளாளராகவும், 2022 மே 15இல் புனிதராகவும் வத்திக்கான் அறிவித்தது. நடுவில் விசாரணை, ஆவணம், புதுமைக்கான சான்று என்று நீண்ட நடைமுறை இருந்தது.

4. பதவியின் தெய்விகம். எகிப்தின் பாரோ அரியணையில் இருக்கும்வரை ஓரஸ் தெய்வத்தின் உரு. ஆளும் ஆள் மாறினாலும் அந்தத் தெய்விகம் அரியணையைவிட்டுப் போவதில்லை.

5. தெய்வமேற்றம். பெயரும் பிறப்பும் தெரிந்த ஒரு மனிதர், உயிரோடோ இறந்த பிறகோ, தமக்கென்று கோயிலும் பூசையும் உள்ள தெய்வமாக ஏற்கப்படுவது. இக்கட்டுரையின் பொருள் இதுதான்.

ஒரே செயல் ஓரிடத்தில் இயல்பாகவும் இன்னோரிடத்தில் பெரும்பாவமாகவும் தெரிவதற்குக் காரணம் எளிது. யூத, கிறித்தவ, இசுலாமிய மரபுகளில் படைத்தவனுக்கும் படைக்கப்பட்டவனுக்கும் நடுவே கடக்க முடியாத இடைவெளி இருக்கிறது. பழைய கிரேக்கத்திலும் ரோமிலும் சீனத்திலும் ஜப்பானிலும் நம் ஊர்களிலும் அப்படி ஓர் இடைவெளி இல்லை. பெருந்தெய்வம், சிறுதெய்வம், பேய், முன்னோர், வீரன் என்று படிகள்தான் உண்டு. ஒருவர் ஒரு படி ஏறிவிட்டார் என்று சொல்வது அங்கே யாருக்கும் அதிர்ச்சி தராது. வாரணாசிச் சண்டை விசித்திரமாகத் தெரிவதும் இதனால்தான். படிகள் உள்ள மரபுக்குள் நின்றுகொண்டு இடைவெளி உள்ள மரபின் வாதத்தைப் பேசுகிறார்கள்.

மேலிருந்து வரும் வழி: விண்ணப்பம் போட்ட நகரம்

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அக்காத் நாட்டு மன்னன் நராம்சின்னுடையது. காலம் ஏறத்தாழ கி.மு. 2250. வட ஈராக்கின் பாசெட்கி என்ற ஊருக்கு அருகே கிடைத்த ஒரு செம்புச் சிலையின் அடிப்பாகத்தில் அது எழுதப்பட்டுள்ளது. நாற்றிசையும் கலகம் செய்தபோது நராம்சின் ஒரே ஆண்டில் ஒன்பது போர்களில் வென்றான்; நகரத்தைக் காப்பாற்றினான்; ஆகவே நகரத்தார் இஷ்தார், என்லில், தாகான் முதலிய எட்டுத் தெய்வங்களிடம் ‘இவன் எங்கள் நகரத் தெய்வமாக இருக்கட்டும்’ என்று வேண்டி, அக்காத்தின் நடுவே அவனுக்குக் கோயில் கட்டினார்கள். இந்தச் சிலைப்பகுதி 2003இல் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது திருடுபோய், அதே ஆண்டு ஒரு கழிவுநீர்க் குழியிலிருந்து மீட்கப்பட்டது.

கல்வெட்டு எழுதியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். ‘நான் கடவுள்’ என்று அரசன் சொல்லவில்லை. மக்கள் கேட்டார்கள், தெய்வங்கள் இசைந்தன என்கிறது. முன்மொழிபவர், ஒப்புதல் தருபவர் இருவரும் முதல் ஆவணத்திலேயே இருக்கிறார்கள். எழுதச் சொன்னவன் அரசனே என்பது வேறு விஷயம். அவனுக்குப் பின் வந்த சில மன்னர்கள், ‘ஊர்’ என்ற பெயருள்ள நகரத்தை ஆண்ட சுல்கி உட்பட, இதைப் பின்பற்றினார்கள். பிறகு சில நூற்றாண்டுகளில் மெசொப்பொத்தேமியாவில் அந்த வழக்கம் மங்கிப்போனது. பிற்காலக் கதைகளோ நராம்சின்னைச் செருக்கால் நாட்டைக் கெடுத்தவன் என்றே பேசின.

கிரேக்கர்களிடம் இது இன்னும் வெளிப்படையான கொடுக்கல் வாங்கல். நகரத்தைக் காத்தவனுக்குத் தெய்வத்துக்கு உரிய சிறப்புகளை அளிப்பார்கள். ஏதென்சு மக்கள் மாசிடோனிய மன்னர் தெமெத்ரியசுக்குப் பாடிய வரவேற்புப் பாட்டு இன்றும் கிடைக்கிறது. மற்றத் தெய்வங்கள் தொலைவில் இருக்கின்றன, அல்லது அவற்றுக்குக் காது இல்லை. உன்னையோ நேரில் பார்க்கிறோம், நீ மரமும் அல்ல கல்லும் அல்ல, மெய்யானவன் என்பது அதன் கருத்து. அடுத்து உடனே கோரிக்கையும் வருகிறது: எங்களுக்கு அமைதி கொடு. இதை வெறும் முகத்துதி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அன்று ஏதென்சுக்கு அமைதியைத் தரவும் பறிக்கவும் வல்லவர் ஒலிம்பசு மலையில் இல்லை, தெமெத்ரியசின் பாசறையில் இருந்தார்.

ரோம்: நடைமுறை முழுதாகத் தெரியும் இடம்

தெய்வமேற்றத்தைச் சட்டச் செயலாகவே ஆக்கியவர்கள் ரோமானியர். ரோம் நகருக்குள், உயிரோடிருக்கும் பேரரசர் அதிகாரபூர்வத் தெய்வம் அல்லர். கிழக்கு மாகாணங்களிலோ அவர் உயிரோடு இருக்கும்போதே கோயில்கள் எழுந்தன. தலைநகரில் வழி இப்படிப் போகும்:

1. இறப்பு. சூலியசு சீசர் கி.மு. 44 மார்ச்சில் கொல்லப்பட்டார்.

2. அறிகுறி. அதே ஆண்டு கோடையில், அவர் நினைவாக நடந்த விளையாட்டு விழாவின்போது வானில் ஒரு வால்வெள்ளி தெரிந்தது. சீசரின் ஆன்மா மேலே போகிறது என்று மக்கள் சொன்னார்கள். வளர்ப்பு மகன் ஒக்தேவியன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

3. செனட்டின் தீர்மானம். கி.மு. 42இல் சீசர் தெய்வமானார்.

4. கோயில், பூசாரி, திருநாள். கி.மு. 29இல் ரோமின் மன்றத் திடலில் அவர் கோயில் திறக்கப்பட்டது.

இதில் யாருக்கு இலாபம் என்பதில் ஐயமே இல்லை. ஒக்தேவியன் அன்றிலிருந்து ‘தெய்வத்தின் மகன்’. நாணயங்களிலேயே அப்படிப் பொறித்தார். பின்னாளில் அகசுதசு என்று பெயர் பெற்ற அவரே கி.பி. 14இல் இறந்தபோது நடைமுறையில் இன்னொரு படி சேர்ந்தது: கண்ணால் கண்ட சாட்சி. நுமேரியசு அத்திக்கசு என்ற செனட்டர், அகசுதசு வானேறிப் போனதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். அவருக்கு அகசுதசின் மனைவி லிவியா பத்து இலட்சம் செசுதர்த்தியுசு கொடுத்ததாக வரலாற்றாசிரியர் தியோ எழுதுகிறார். செனட் ஒரு மாதத்துக்குள் தீர்மானம் போட்டது. பூசைக்கென்று அமைந்த குழுவில் நகரின் முதன்மையான 21 பேரும் அரச குடும்பத்தாரும் இருந்தார்கள்.

எல்லாப் பேரரசருக்கும் இது கிடைக்கவில்லை. திபேரியசு, கலிகுலா, நீரோ, தொமிசியன் ஆகியோருக்குச் செனட் தீர்மானம் போடவில்லை. அத்ரியனுக்கும் மறுக்கத்தான் பார்த்தார்கள். அவருக்குப் பின் வந்த அந்தோனினசு பிடிவாதமாக நின்று பெற்றுக்கொடுத்தார். கலிகுலா தன் தங்கை துருசில்லாவை கி.பி. 38இல் தெய்வமாக்கினார், அவளும் வானேறியதைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய ஒரு செனட்டர் கிடைத்தார். கலிகுலா கொல்லப்பட்டதும் அந்தத் தெய்வத்தை யாரும் சீண்டவில்லை.

ரோமானியர்களே இதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள். குளோதியசு தெய்வமான உடனே, செனெகா எழுதியதாகக் கருதப்படும் நையாண்டி ஒன்று வந்தது. அதில் வானுலகில் தெய்வங்களின் செனட் கூடி அவர் மனுவை விவாதிக்கிறது. அகசுதசு எழுந்து எதிர்த்துப் பேச, மனு தள்ளுபடியாகிறது. வெசுபாசியன் கி.பி. 79இல் சாகும் தறுவாயில் ‘அடடா, நான் தெய்வமாகிக்கொண்டிருக்கிறேன் போல’ என்றாராம்.

சிரித்தவர்களே அடுத்த நாள் போய்த் தூபமும் போட்டார்கள். அதுதான் இதன் பொருளை விளக்குகிறது. பேரரசரின் உருவத்துக்குத் தூபம் போடுவது நம்பிக்கையின் அறிக்கையாக இருக்கத் தேவையில்லை. நான் இந்த அரசுக்கு உட்பட்டவன் என்று காட்டினால் போதும். கி.பி. 112ஐ ஒட்டிப் பித்தினியா மாகாண ஆளுநராக இருந்த பிளினி, கிறித்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சோதித்த முறையைப் பேரரசர் திராசனுக்கு எழுதினார்: பேரரசர் உருவத்தின் முன் தூபமும் மதுவும் வைத்து, கிறித்துவைப் பழித்தால் விடுதலை. மறுத்தால் சாவு. மற்றவர்களுக்கு ஒரு சிட்டிகைச் சாம்பிராணி. இடைவெளியை நம்பிய மரபினருக்கு உயிர்.

சோழர்களிடம் இதற்கு ஒட்டிய, ஆனால் வேறான ஒரு தீர்வு இருந்தது. இறந்த அரசருக்கோ அரசிக்கோ பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், எழுப்புவார்கள். மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் எடுத்தது, பட்டீச்சரம் அருகே பஞ்சவன்மாதேவிக்கு முதலாம் இராசேந்திரன் எடுத்தது ஆகியவை இன்றும் நிற்கின்றன. ஆனால் கருவறையில் இருப்பது இலிங்கம். கோயில் பெயர்தான் அரிஞ்சிகை ஈச்சரம், பஞ்சவன்மாதேவி ஈச்சரம். இறந்தவர் பெயரைத் தெய்வத்துக்குக் கொடுத்தார்கள், தெய்வத்தின் இடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. சண்டை வராத வழி.

கீழிருந்து வரும் வழி: நடுகல்லும் பட்டவனும்

அரசன் தீர்மானம் போடாமலே ஊர் ஒருவரைத் தெய்வமாக்குவது இரண்டாவது வழி. இதைப் பற்றித் தமிழில் இருக்கும் சான்றுகள் உலகின் எந்த மொழிக்கும் இளைத்தவை அல்ல.

ஆநிரை கவர்ந்தும் மீட்டும் நடந்த சண்டையில் இறந்தவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு கட்டமாகப் பிரிக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து, அதை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுடையது. அவனைப் பற்றி நமக்கு வேறெதுவும் தெரியாது. பகைவர்முன் நின்று தடுத்து, யானையைக் கொன்று வீழ்ந்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவி வணங்கும் கடவுள் எங்களுக்கு வேறு இல்லை என்று மாங்குடி கிழார் புறநானூற்றில் சொல்கிறார்.

அதே புறநானூற்றில் அவ்வையார் இன்னொரு கோணத்தில் பார்க்கிறார். அதியமான் இறந்துவிட்டான், நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் உகுக்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறார். சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே, தோழி ஒருத்திக்கு அவன் இன்னும் மனிதனாகவே இருக்கிறான். தெய்வமேற்றம் பற்றி எழுதப்பட்டவற்றுள் இவ்வளவு நேர்மையான வரிகள் குறைவு.

நடுகல் நன்றியில் பிறந்தது. பிற்காலத்து ஊர்த் தெய்வங்களில் பெரும்பகுதி அச்சத்தில் பிறந்தவை. பட்டவன், கன்னித் தெய்வம், பூவாடைக்காரி என்று வகைப்படும் இவர்கள் பெரும்பாலும் அகாலத்தில் போனவர்கள். பலர் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர். இன்று மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் அவருக்குச் சந்நிதி. முத்துப்பட்டன் கதையில் பிராமண இளைஞன் ஒருவன் அருந்ததியர் பெண்கள் இருவரை மணந்து, செருப்புத் தைத்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்க் கொல்லப்படுகிறான். பாபநாசம் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்கு நேர்த்திக்கடனாகச் செருப்புதான் கட்டுகிறார்கள்.

இந்த வழியிலும் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. தென்மாவட்டக் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டில் கதை சொல்லும்போது, சாவு நடக்கும் இடம் வந்ததும் சாமியாடிக்கு அருள் வரும். கதை அத்தோடு முடியாது. இறந்தவர் கைலாசம் போகவேண்டும், சிவனிடம் வரம் வாங்கவேண்டும், எந்த ஊரில் எந்தப் பூசை என்று நிலையம் பெற்றுத் திரும்பவேண்டும். செனட் செய்த வேலையைப் பாட்டுக்குள் சிவன் செய்கிறார். சாட்சி சொன்னவருக்குப் பதிலாக இங்கே சாமியாடி.

சாதி, மதம் மட்டுமல்ல, நாடும்கூட இதற்குத் தடையாக இருந்ததில்லை. 1809இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் அடிபட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேயக் கேப்டனுக்குத் திருநெல்வேலிச் சீமையில் பூசை நடந்ததைக் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். படையல் சாராயமும் சுருட்டும்.

இந்தத் தெய்வங்களைச் சமத்துவத்தின் அடையாளமாகப் போற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கொல்லப்பட்டவர் பெயர் அழியாமல் இருப்பது பெரிய விஷயம்; எந்த அரசு ஆவணத்திலும் ஏறாத சாவுகள் இவை. ஆனால் தெய்வமாக்கியதும் கணக்கு தீர்ந்துவிடுகிறது. கொன்றவர்களின் வழியினரும் வந்து பொங்கல் வைக்கிறார்கள், ஆடு வெட்டுகிறார்கள். பிராயச்சித்தம் ஆயிற்று, கொலைக்கான கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது.

ஜப்பான், சீனா: பின்னால் ஓடிவரும் அரசு

கீழிருந்து எழும் தெய்வத்தை அரசால் தடுக்க முடியாதபோது, அதற்குப் பட்டம் கொடுத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும்.

சுகவாரா நோ மிச்சிசானே ஜப்பானிய அரசவையின் பெரும் அறிஞர். பகைவர்களின் சூழ்ச்சியால் 901இல் தசாய்ஃபுவுக்கு நாடுகடத்தப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். பிறகு அவருடைய முதன்மை எதிரி 909இல் இறந்தார். பட்டத்து இளவரசர் 923இல் இறந்தார். 930இல் அரண்மனையில் இடி விழுந்து அவையினர் செத்தார்கள். சில மாதத்தில் பேரரசரும் போனார். எல்லாம் மிச்சிசானேயின் சினம் என்றார்கள். அரசவை, இறந்த மனிதருக்குப் பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு பதவி உயர்வும் கொடுத்தது. 947இல் கியோத்தோவின் கித்தானோவில் கோயில் எழுந்தது. இன்று அவர் தென்ஜின், கல்விக்கான தெய்வம். நுழைவுத் தேர்வுக் காலத்தில் மாணவர்கள் அவரிடம்தான் போகிறார்கள். பழிவாங்கும் ஆவி என்ற பேச்சு எப்போதோ அடங்கிவிட்டது.

சீன அரசு இதை ஒரு துறையாகவே நடத்தியது. சோங் அரசவம்சக் காலத்தில், எங்கள் ஊர்த் தெய்வம் மழை கொடுத்தது, கொள்ளையரை விரட்டியது என்று ஊர்ப் பெரியவர்கள் மனு கொடுப்பார்கள். அதிகாரிகள் விசாரித்து மேலே அனுப்புவார்கள். உண்மை என்று கண்டால் பட்டம் வரும். அடுத்த அற்புதத்துக்கு அடுத்த பட்டம். ஃபூசியன் கடற்கரையின் மெய்சோ தீவில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் லின் குடும்பத்துப் பெண் இப்படித்தான் ஏறினாள். 1123இல், கொரியாவுக்குப் போன தூதர் கப்பல் புயலில் பிழைத்ததற்காக அவள் கோயிலுக்கு அரசப் பெயர்ப்பலகை கிடைத்தது. 1156இல் சீமாட்டி, 1281இல் விண்ணுலகத் துணைவி. 1683இல் தைவானைப் பிடித்த சிங் அரசு, படைக்கு அவள் துணை நின்றாள் என்று சொல்லி விண்ணுலக அரசி ஆக்கியது. மீனவர்கள் அவளை மாசு, அதாவது பாட்டியம்மா என்ற அளவில்தான் இன்றும் கூப்பிடுகிறார்கள். போர்வீரர் குவான் யூவும் மூன்றாம் நூற்றாண்டில் தலையிழந்து, பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பேரரசர் பட்டம் வரை போனவர்.

ஷீரடியையும் இந்த வரிசையில் வைக்கலாம். சாயி பாபா 1918இல் இறந்தார். நாகபுரிப் பக்தர் ஒருவர் கட்டிய மாளிகையில் சமாதி அமைந்தது; 1922இல் அதை நிர்வகிக்கும் சன்ஸ்தான் என்ற அறக்கட்டளை உருவானது; இன்று எல்லாரும் பார்க்கும் பளிங்குச் சிலை 1954இல் வந்தது; 2004இல் மகாராட்டிர அரசு சன்ஸ்தானுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அவரைத் தெய்வம் என்று எந்தச் சங்கராச்சாரியாரும் தீர்மானம் போடவில்லை. ஆனால் பெட்டகத்தின் கணக்கைப் பார்க்கும் அதிகாரம் அரசிடம் வந்துவிட்டது. நடைமுறையில் அதுவும் ஒப்புதல்தான்.

வேண்டாம் என்றால் விடுவார்களா?

மாட்டார்கள். கி.பி. 25இல் இசுபானிய மாகாணத்தார் பேரரசர் திபேரியசுக்குக் கோயில் கட்ட அனுமதி கேட்டபோது, நான் சாகக்கூடிய மனிதன் என்று அவர் மறுத்தார். அதையும் சிலர் அடக்கம் என்றார்கள், சிலர் சிறுமதி என்றார்கள் என்று தாசித்தசு எழுதுகிறார். பஞ்சாபில் சான் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரியை ‘நிகல்சைன்’ என்று ஒரு குழு கும்பிட்டது. அவர் அவர்களைச் சாட்டையால் அடித்தார். அடி விழ விழப் பக்தி கூடியதாகத்தான் கதை.

பெரிய எடுத்துக்காட்டு எத்தியோப்பியப் பேரரசர் ஐலே செலாசி. 1930 நவம்பரில் அவர் முடிசூடியதை, யமைக்காவின் ஏழைக் கறுப்பின மக்கள் சிலர் மறைநூல் வாக்கு நிறைவேறியதாகப் பார்த்தார்கள். அவரைத் தெய்வமாகக் கொண்ட ரஸ்தஃபாரி இயக்கம் பிறந்தது. 1966 ஏப்ரல் 21இல் அவர் கிங்சுடனில் இறங்கியபோது, கூட்டத்தைக் கண்டு விமானத்தைவிட்டு வெளியே வரவே நேரம் பிடித்தது. அவரோ பழைமை வழுவாத எத்தியோப்பியத் திருச்சபைக்காரர்; தாம் மனிதரே என்று சொன்னவர். 1975இல் இறந்தார். பலர் அந்தச் சாவையே ஏற்கவில்லை. அடிமை வாழ்வின் வழிவந்தவர்களுக்கு, கறுப்பு நிறத்தில் ஒரு பேரரசர் உலகில் இருக்கிறார் என்பதே தேவைப்பட்டது. அவருடைய சம்மதம் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை: தெய்வம் என்று சொன்னது யார்?

1779 பிப்ரவரியில் அவாய்த் தீவில் கேப்டன் குக் கொல்லப்பட்டார். தீவினர் அவரை லோனோ தெய்வமாகக் கருதினார்கள் என்பது இருநூறாண்டுக் கதை. அமெரிக்க மானிடவியலாளர் மார்சல் சாலின்சு இதை ஏற்றுத் தம் ஆய்வை எழுதினார். இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1992இல் இதை மறுத்தார்: வெள்ளையரைக் கண்டதும் ‘பழங்குடி’ கும்பிட்டு விழுந்தான் என்பது ஐரோப்பாவின் கற்பனை, தெய்வமேற்றியவர்கள் அவாய் மக்கள் அல்லர், ஐரோப்பியர்களே. இருவருக்கும் நடந்த வாதம் கடுமையானது. அவாயைப் பற்றி முடிவு எதுவானாலும், ஒபேசேகர வைத்த கேள்வி எங்கும் செல்லும். மெக்சிகோவில் இசுபானியப் படைத்தலைவன் கோர்த்தெசைத் தெய்வமாகக் கண்டார்கள் என்ற கதையும், நாடு வீழ்ந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் எழுத்தில் உறுதிப்படுகிறது. வென்றவன் எழுதிய கதையில் தோற்றவன் கும்பிடுகிறான் என்றால், முன்மொழிந்தவர் யார் என்பதை இரண்டு முறை பார்க்கவேண்டும்.

கொடுத்த தெய்வநிலையைத் திரும்பப் பெற முடியுமா?

ரோமில் பூசையை நிறுத்தினால் போதும். நீரோ, குளோதியசின் கோயிலைக் கைவிட்டார். வெசுபாசியன் மீண்டும் எழுப்பினார். ஜப்பானில் பேரரசர் இரோஇட்டோ 1946 சனவரி 1இல், தாம் மனித உருவிலுள்ள தெய்வம் என்பது பொய்க் கருத்து என்று அறிக்கையே வெளியிட்டார். போரில் தோற்று, அமெரிக்கப் படை நாட்டில் இருந்த நேரம்.

ஆனால் அதே நாட்டில் தோக்கியோவின் யாசுகுனி கோயில் வேறு விடை சொல்கிறது. 1869இல் நிறுவப்பட்ட இதில் எலும்பும் இல்லை, சாம்பலும் இல்லை. பேரரசருக்காகப் போரில் இறந்த ஏறத்தாழ 24.6 இலட்சம் பேரின் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் ஏறியவர் தெய்வம். அது போர் நினைவுச் சின்னம் மட்டுமே என்று நினைத்தால், ஜப்பானியப் பிரதமர் அங்கே போகும்போதெல்லாம் பெய்ஜிங்கும் சியோலும் ஏன் கொதிக்கின்றன என்பது புரியாது. 1978இல் தலைமைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரின் பெயரையும் கோயில் ஓசையில்லாமல் சேர்த்தது. அடுத்த ஆண்டுதான் செய்தி வெளியானது.

சிக்கல் அவர்களோடு நிற்கவில்லை. ஜப்பானியப் படையில் சேர்க்கப்பட்டு இறந்த கொரியர் 20,000க்கும் மேற்பட்டோர் பதிவேட்டில் இருக்கிறார்கள். எங்கள் தகப்பனை எங்களைக் கேட்காமல், எங்களை அடக்கி ஆண்ட நாட்டின் தெய்வமாக்கிவிட்டீர்கள், பெயரை எடுங்கள் என்று வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. யமகுச்சியில் இதே வகைக் கோயில் ஒன்றில் தன் கணவரைச் சேர்த்ததை எதிர்த்துக் கிறித்தவ மனைவி ஒருவர் தொடுத்த வழக்கிலும், கீழ்நீதிமன்றங்களில் வென்றவர் 1988இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்.

யாசுகுனியின் நிலைப்பாடு ஒன்றுதான்: ஒருமுறை சேர்ந்தவர் மற்ற ஆவிகளோடு ஒன்றிவிட்டார், தனியே பிரித்தெடுக்க வழியில்லை. போர்க்குற்றவாளிகள் 14 பேரை மட்டும் வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று அரசியல்வாதிகள் கேட்டபோதும் அதே விடைதான். ஊர்த் தெய்வத்தில் கணக்குத் தீர்ந்ததைப் போலவே, இங்கும் இவர்களைச் சாகவும் கொல்லவும் அனுப்பியது யார் என்ற கேள்வி தெய்வநிலையோடு மூடப்பட்டுவிடுகிறது. குடும்பங்கள் அதைத் திறக்கத்தான் நீதிமன்றம் போனார்கள்.

இதில் பேரரசர் குடும்பம் எடுத்த நிலை கவனிக்கத் தக்கது. இரோஇட்டோ யாசுகுனிக்குக் கடைசியாகப் போனது 1975 நவம்பரில். அந்த 14 பேரைச் சேர்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதைக் காட்டும் அரண்மனை அதிகாரி ஒருவரின் குறிப்பு 2006இல் வெளியானது. யாருக்காக இறந்ததால் அவர்கள் தெய்வமானார்களோ, அந்த அரியணையில் அமர்ந்த எவரும் 1978க்குப் பிறகு அங்கே போகவில்லை.